மீனும் சோறும் போட்டதும் அரிப்பு நின்றது: வயதான நாயின் தட்டில் இன்னும் என்ன இல்லை?

கொழும்பு வெள்ளவத்தையில் நாய் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் நின்றால், பேச்சு எப்படியும் சொறியில் வந்து நிற்கும். காலை நக்கிக்கொண்டே இருக்கிறது, காது மணக்கிறது, மருந்து போட்டால் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. அடுத்து வரும் ஆலோசனையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "பக்கற் சாப்பாட்டை நிப்பாட்டிப்போட்டு வீட்டுச் சாப்பாடு குடுத்துப் பாருங்கோ." நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் ஜிம்மிக்கு அப்போது 11 வயது, 12 கிலோ. வைத்தியரிடம் காட்டி, பாரை மீனும் வெள்ளைச் சோறும் மட்டும் அவித்துக் கொடுத்தோம். ஆறாவது கிழமை அவன் முன்னங்கால் விரலிடுக்குகளில் சிவப்பு மறைந்து, முடி திரும்ப முளைக்கத் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அதே சாப்பாட்டை ஏழு மாதம் அப்படியே கொடுத்தேன்.

ஏழாவது மாதம் வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்: "இதில் கல்சியம் எங்கேயிருந்து வருது?" என்னிடம் பதில் இல்லை.

வீட்டுச் சாப்பாடு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு வேலைகளை. முதலாவது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது. அதற்குச் சாப்பாடு எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவது, மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கு அந்த நாயைச் சாப்பிட வைத்து உயிரோடும் பலத்தோடும் வைத்திருப்பது. அதற்கு எளிமையான சாப்பாடு போதாது. முதல் வேலை வெற்றியாக முடிந்ததும் பலர் அதே சட்டியை இரண்டாவது வேலைக்கும் வைத்துக்கொள்கிறோம். தோல் நன்றாகிவிட்டதால் எல்லாம் நன்றாகிவிட்டது என்று தோன்றிவிடுகிறது. இளம் நாய் இதைக் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் வயதான நாய்க்குத் தசையும் எலும்பும் ஏற்கெனவே குறைந்துகொண்டு வரும் காலம் அது.

கொழும்பில் பக்கற் சாப்பாட்டிலிருந்து வீட்டுச் சமையலுக்கு இந்த மாற்றம் பெரிய அளவில் நடந்ததற்கு 2022 ஒரு முக்கியக் காரணம். டொலர் 200 ரூபாய்ப் பக்கத்தில் இருந்து சில மாதங்களில் 350ஐத் தாண்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் நாய்ச் சாப்பாட்டுப் பக்கற்றின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாமல் போனது. ஒவ்வாமை உள்ள நாய்களுக்கென்று வரும் விசேஷ பக்கற்றுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்போது சமைக்கத் தொடங்கியவர்களில் பலர் இன்றும் சமைக்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. எங்கள் அப்பப்பா காலத்து நாய்களும் சோறும் கறியும்தான் தின்றன என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அந்த நாய்கள் ஊர் சுற்றி மீன் தலை, எலும்பு, எலி என்று கண்டதையெல்லாம் தின்று வந்தன, பெரும்பாலானவை 13 வயதுவரை இருக்கவும் இல்லை. நாலாம் மாடி பிளாட்டில் இருக்கும் நாய்க்கு நாம் தட்டில் போடுவதுதான் முழு உலகம்.

சரி, முதல் வேலையிலிருந்து வருகிறேன்.

நாய் சொறிகிறது என்றதும் சாப்பாட்டில் பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் தெள்ளுக்கும் உண்ணிக்கும் ஓய்வே இல்லை. தெள்ளுக்கடி ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், வாலடியும் முதுகின் பின்பகுதியும் புண்ணாகிவிடும். ஈரமான தோலில் பூஞ்சை வளரும், அதுவும் அரிக்கும். வீட்டுத் தூசியில் இருக்கும் நுண் சிற்றுண்ணிகளுக்கு ஒவ்வாமை என்றால், பாதத்தை நக்குவதும் காது சிவப்பதும் சாப்பாட்டு ஒவ்வாமை மாதிரியே இருக்கும், பார்த்துப் பிரிக்க முடியாது. வயதான நாய்க்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சாப்பாட்டு ஒவ்வாமை எந்த வயதிலும் வரலாம், ஆனால் பெரும்பாலும் இளம் வயதிலேயே தலைகாட்டிவிடும். பத்து வருடம் எந்தச் சிக்கலும் இல்லாமல் தின்ற நாய்க்குத் திடீரென்று வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால், சிறுநீரகம், ஈரல், கணையம், குடலில் கட்டி என்று வைத்தியர் பார்க்க வேண்டிய வரிசை நீளமானது. சாப்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்தே மூன்று மாதம் போய்விட்டால், அந்த மூன்று மாதம் திரும்பக் கிடைக்காது. இரத்தமும் சிறுநீரும் முதலில் பாருங்கள். சிறுநீரகத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு வேலை போன பிறகுதான் இரத்தத்தில் கிரியட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறைந்துவிடும். அதனால் இரத்த அறிக்கையை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இரத்தப் பரிசோதனை, எச்சில் பரிசோதனை, முடிப் பரிசோதனை என்று விற்கிறார்கள். நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு அவற்றில் எதுவும் இல்லை. நம்பக்கூடிய வழி ஒன்றுதான்: நாய் இதுவரை தின்னாத ஒரு புரதம், ஒரு மாச்சத்து, வேறொன்றும் இல்லை, எட்டுக் கிழமை. ஏன் எட்டு? தோலில் அறிகுறி உள்ள நாய்களை வைத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, ஐந்து கிழமையில் 80 சதவீதத்துக்கு மேலும் எட்டுக் கிழமையில் 90 சதவீதத்துக்கு மேலும் ஒவ்வாமை நாய்கள் தேறியிருந்தன. மூன்றாம் கிழமையிலேயே "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுபவர்கள் பாதி வழியில் இறங்கிவிடுகிறார்கள்.

இதுவரை தின்னாத புரதம் என்பதில்தான் கொழும்பு நாய்களுக்குச் சிக்கல். அடுத்த வருடம் அதே ஆராய்ச்சியாளர்கள் 297 ஒவ்வாமை நாய்களின் விவரங்களைத் தொகுத்தார்கள். மாட்டிறைச்சி 34 சதவீதம், பாற்பொருள் 17, கோழி 15, கோதுமை 13, ஆடு 5 என்று வந்தது. மாடு வீட்டுக்குள் வராத சைவ, இந்துக் குடும்பங்களில் "எங்கட நாய் மாடே சாப்பிட்டதில்லை" என்பார்கள். பக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் அதில் மாடு இருக்கும். பால் கொடுப்பதில்லை என்பார்கள். தட்டில் மிஞ்சும் பால்தேத்தண்ணியை நாய்தான் நக்கியிருக்கும், அதில் இருப்பது பால்மா. கோழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கழுத்தும் தோலும் காலும் வாங்கி அவித்துப் போடுவது நம் ஊர் வழக்கம். அதனால் பல நாய்களுக்கு இங்கே புதிய புரதமாக மிஞ்சுவது ஏதாவது ஒரு மீன், அல்லது பன்றி இறைச்சி, அல்லது ஒருபோதும் கொடுக்காத வீடுகளில் ஆட்டிறைச்சி. நாய் என்ன தின்றிருக்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள், குட்டிக் காலத்திலிருந்து. வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதுங்கள், ஏனென்றால் கேட்டால்தான் வெளியே வரும் விஷயங்கள் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் வெளியே வந்தது விசுக்கோத்து. முதலாம் மாடியில் இருக்கும் அன்ரிக்கு ஜிம்மி மேல் உயிர். பின்னேரம் அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போனால் கதவடியில் காத்திருந்து ஒரு மாரி விசுக்கோத்தைப் பாதியாக உடைத்துக் கொடுப்பார். இந்த எட்டுக் கிழமைச் சாப்பாட்டுப் பரீட்சை தொடங்கி மூன்றாம் கிழமைதான் எனக்குத் தெரிய வந்தது. சொன்னபோது, "ஒரு விசுக்கோத்து தானே பிள்ளை, அதுக்கு என்ன வரப்போகுது?" என்றார். ஒரு விசுக்கோத்தில் கோதுமையும் பாலும் இருக்கின்றன. ஒவ்வாமைக்கு அளவு பெரிதாகத் தேவையில்லை. நாங்கள் முதலாம் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. இந்த முறை ஜிம்மியின் அதே பாரை மீனை மெல்லிய துண்டாக்கி அவணில் காயவைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு அன்ரியிடம் கொடுத்தேன். அவருக்கும் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும், அதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

மருந்துகளையும் பாருங்கள். உண்ணிக்கும் பூச்சிக்கும் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் பலவற்றில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். மூட்டுவலிக்கு வயதான நாய்கள் எடுக்கும் மாத்திரைகளிலும் அப்படி உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம், சுவையில்லாத வேறு வகை இருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

எட்டுக் கிழமையில் அரிப்பு நின்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்த்து, அரிப்பு திரும்ப வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், சுகமான நாயை ஏன் திரும்ப வருத்த வேண்டும் என்று. ஆனால் இதைச் செய்யாவிட்டால், மழை நின்றதால் சுகமானதா, தெள்ளு மருந்தால் சுகமானதா, சாப்பாட்டால் சுகமானதா என்று தெரியாமலே நாய்க்கு வாழ்நாள் முழுக்க ஒரு பத்தியம் போட்டுவிடுவோம். ஒவ்வொரு பொருளாகச் சேர்க்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு கிழமை வரை. ஜிம்மிக்கு முதலில் கோழியைத்தான் சேர்த்தோம். நாலாம் நாள் இரவு அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது, இருட்டில் கால் நக்கும் சத்தம். உடனே நிறுத்தினோம், பத்து நாளில் அடங்கியது. அப்புறம் கோதுமை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அன்ரியின் விசுக்கோத்தில் இருந்த கோதுமை குற்றவாளி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது, பாலை இன்றுவரை நான் சோதிக்கவில்லை.

இனி இரண்டாவது வேலை. இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுமையாக வாருங்கள்.

12 கிலோ உள்ள, அதிகம் ஓடாத வயதான நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 550 முதல் 630 கிலோகலோரி வேண்டும். 200 கிராம் முள் நீக்கிய வெள்ளை மீனும் 300 கிராம் வெந்த சோறும் அதற்குச் சரியாக வரும். புரதமும் போதுமான அளவு இருக்கிறது. வயிறு நிறைகிறது, மலம் நல்ல கட்டி, தோல் சுகம். ஆனால் கல்சியத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் நாய்ச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 1000 கிலோகலோரிக்கு 1.25 கிராம். 600 கிலோகலோரிக்கு 750 மில்லிகிராம். அந்தத் தட்டில் இருப்பது ஏறத்தாழ 70 மில்லிகிராம், பத்தில் ஒரு பங்கு. அதே நேரம் பொசுபரசு 570 மில்லிகிராம் பக்கத்தில் இருக்கிறது, கல்சியத்தைப் போல எட்டு மடங்கு. கல்சியம் பொசுபரசுக்குக் குறைந்தது சமமாக, சரியாகச் சொன்னால் ஒன்றிலிருந்து இரண்டு மடங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு இரத்தத்தில் கல்சியத்தைக் காப்பாற்ற எலும்பிலிருந்து எடுக்கும். இரத்தப் பரிசோதனையில் கல்சியம் சரியாகவே காட்டும், எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். ஏழு மாதம் நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

இதைத் திருத்துவது அவ்வளவு கடினம் இல்லை. முட்டைக் கோதைக் கழுவி, அவித்து, காயவைத்து, கிரைண்டரில் மா மாதிரி அரைத்தால், அதில் நூற்றுக்கு 38 பங்கு அளவில் கல்சியம். இரண்டு கிராம் தூள், அதாவது தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு, மேலே சொன்ன தட்டின் குறையை நிரப்பிவிடும், கல்சியமும் பொசுபரசும் ஏறத்தாழ 1.5க்கு 1 என்று வந்து நிற்கும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் மணல் தட்டுப்படக் கூடாது, தட்டுப்பட்டால் இன்னும் அரைக்க வேண்டும். பரீட்சைக் காலத்திலும் முட்டை ஒத்துக்கொள்ளாத நாய்க்கும் கோது வேண்டாம், அதன் உள்தோலில் முட்டைப் புரதம் ஒட்டியிருக்கும், பாமசியில் கிடைக்கும் வேறொன்றும் கலக்காத கல்சியம் காபனேற்றை வைத்தியர் சொல்லும் அளவில் எடுக்கலாம். விற்றமின் டி சேர்ந்த மனித மாத்திரையைக் கணக்கில்லாமல் கொடுத்தால் நஞ்சாகும். எலும்புத் தூள் சில இடங்களில் கிடைக்கிறது, ஆனால் அதில் பொசுபரசும் சேர்ந்து வரும், சிறுநீரகம் தளரும் வயதான நாய்க்கு அது பாரம்.

கல்சியத்தோடு முடியவில்லை. அதே தட்டில் நாகம், அதாவது சிங்க், தேவையில் கால் பங்கு அளவில்தான் நிற்கும். செம்பு, விற்றமின் ஈ, கோலின் எல்லாம் குறையும். வெயில் நிறைய இருக்கிறதே என்று விற்றமின் டியை விட்டுவிடுபவர்கள் உண்டு. நாயின் தோல் வெயிலில் போதிய விற்றமின் டி செய்யாது, அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். மீன் சாப்பாட்டில் அது ஓரளவு வரும், பன்றியும் சோறும் என்றால் போதாது. செம்புக்கு ஈரல் கொடு என்பார்கள், நல்ல யோசனைதான், ஆனால் கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் கோழி ஈரலும் கோழிதான்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் 2013இல் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்தவை. 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் குறைந்திருந்தன. இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தால் சமப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையும் அங்கே தேறவில்லை, ஏனென்றால் எல்லாக் குறிப்பிலும் குறைவது பெரும்பாலும் அதே சத்துகள். அதோடு ஒவ்வாமை நாய்க்கு மாற்றி மாற்றிக் கொடுக்கவும் முடியாதே. ஆகவே நாய்களுக்கென்று செய்த விற்றமின், கனிமத் தூள் ஒன்றை, உங்கள் நாயின் சமையல் குறிப்புக்குக் கணக்கிட்டு, வைத்தியர் வழியாகத் தெரிவு செய்வதுதான் பத்திரமான வழி. கால்நடை ஊட்டச்சத்து நிபுணர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து உள்ளூர் வைத்தியர் மூலமாகக் குறிப்பு எழுதித் தருகிறார்கள். செலவுதான், ஆனால் ஒருமுறைச் செலவு. நமது நாட்டில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது, அங்கே போதனா வைத்தியசாலையும் உண்டு, குழப்பமான நோய்களுக்குக் கொழும்பிலிருந்தும் அங்கே கூட்டிப் போகிறார்கள்.

வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் நாய்க்கு அது தேவையில்லை, உண்மையில் வயதாக ஆகத் தசையைக் காக்க நல்ல புரதம் கூடத்தான் வேண்டும். முதுகெலும்பின் இருபுறமும் கை வைத்துப் பாருங்கள், முன்பு நிறைந்திருந்த இடம் பள்ளமாகத் தட்டுப்பட்டால் தசை போகிறது, எடை குறையாமலேயே இது நடக்கும். சிறுநீரக நோய் உறுதியான பிறகு கதை வேறு, முதலில் பொசுபரசையும் பிறகு தேவைக்கேற்பப் புரதத்தையும் குறைப்பார்கள், அப்போது இந்தக் கணக்கு எல்லாமே திரும்பப் போட வேண்டும்.

சமையலில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கவே முடியாது. நம் வீட்டுக் கறி, சொதி, சம்பல் எதிலும் வெங்காயம் இருக்கும், உள்ளி இருக்கும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே தடவையில் போனால் நஞ்சாகிறது, 12 கிலோ நாய்க்கு அது 60 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம்கூட இல்லை. தேங்காய்ப்பால் சொதியின் கொழுப்பு கணையத்தைத் தூண்டிவிடும். அவித்த எலும்பு பிளந்து குத்தும். டின் மீனில் உப்பு அதிகம். சூரை வாங்கினால் ஐஸில் இருந்ததை வாங்குங்கள், வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும், சமைத்தாலும் அது போகாது. சூடை மாதிரிச் சின்ன மீன்களைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம், தையமினை, அதாவது விற்றமின் பி1ஐ, அழிக்கும் ஒரு நொதியம் சிலவற்றில் உண்டு, அவித்தால் அது செத்துவிடும். சோறு ஒத்துக்கொள்ளாவிட்டால் வத்தாளைக் கிழங்கு நல்லது, பூசணி மலத்தைக் கட்டும், போஞ்சியும் கரட்டும் கொஞ்சம் போடலாம். ஆனால் ஒவ்வொன்றாக, இரண்டு கிழமை இடைவெளியில்.

வாய்க்குள் பல் விழுந்த, மூக்கு மங்கிய நாய்க்குச் சாப்பாட்டை இளஞ்சூடாக்கினால் மணம் எழும்பும், அப்போது நாயும் எழும்பி வரும். பெரிய ஒரு வேளையை விட சின்ன மூன்று வேளை நல்லது. கிழமைக்கு ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும்.

நான் ஞாயிற்றுக்கிழமை விடியவே மீன் வாங்கி, ஒரு கிழமைக்கு அவித்து, 200 கிராம் பொட்டலங்களாகக் கட்டி உறைய வைக்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் ஞாபகம் இருப்பதால், ஒரு கிழமைக்கு வேண்டியது முழுவதையும் ஒரே இடத்தில் வைக்க இன்னும் மனம் வருவதில்லை, தங்கச்சி வீட்டு பிரிட்ஜிலும் பாதி இருக்கிறது. கல்சியத் தூளும் விற்றமின் தூளும் உறைய வைப்பதில்லை, கொடுக்கும் நேரம்தான் கலக்குவேன், அதற்கென்று ஒரு சின்னத் தராசு குசினி மேசையில் நிரந்தரமாக இருக்கிறது. ஜிம்மிக்கு இப்போது 13 நடக்கிறது. போன கிழமை 11.8 கிலோ காட்டியது. அடுத்த இரத்தப் பரிசோதனை தைப்பொங்கல் கழிந்த கிழமை.